குட்டியின் கழுத்தும் தாயின் மேய்ச்சலும்



இம்மேடையில் ஆண்டுதோறும் நிகழும் சொற்பொழிவுக்கு இவ்வாண்டு என்னை அழைத்தவர்கள், பேசுபொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். அத்தகைய உரிமை கைக்கு வந்ததும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்டுப்பட்டிகளின் நடுவே காலம் கழித்த ஒருவன் என்ன செய்வானோ அதையே நானும் செய்தேன். ஆட்டைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்துகொண்டேன். முழு ஆட்டையும் எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. பிறந்து ஓரிரு நாட்களே ஆன செம்மறிக்குட்டியை, அதிலும் அதன் குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழலின் இருமருங்கிலும் ஒட்டிக்கொண்டு, இரண்டு மடலும் சேர்ந்து ஒன்றரைக் கிராம் எடையளவே நிற்கின்ற தைராய்டுச் சுரப்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றரைக் கிராம் பொருளுக்கு ஒரு மணி நேரப் பேச்சா என்று பின்வரிசையில் எவரேனும் எண்ணக்கூடும். அச்சுரப்பிக்கு மனித குலம் பட்டிருக்கும் கடனை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர்களே நியாயம் சொல்லட்டும்.

1891ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், நாற்பத்தாறு வயதான ஒரு பெண்மணிக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். அந்த அம்மையாருக்கு முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சு மந்தமாகி, நடை தளர்ந்து, குளிர் தாங்காமல் எந்நேரமும் போர்த்துக்கொண்டே கிடக்கின்ற நிலை பல ஆண்டுகளாக நீடித்திருந்தது. கழுத்தின் சுரப்பி வற்றிப்போனதால் வருகின்ற அந்த வியாதிக்கு அதுவரை எவரும் மருந்து கண்டதில்லை. மரே, அப்போதுதான் அறுக்கப்பட்ட செம்மறியாட்டின் தைராய்டை வாங்கிவந்து, துண்டுதுண்டாக நறுக்கி, கிளிசரினில் ஊறவைத்து, துணியில் பிழிந்தெடுத்த சாற்றை ஊசி வழியாக ஏற்றினார். சில மாதங்களுக்குள் அம்மையாரின் முகம் பழைய முகமாயிற்று. பின்னர் அதே சாற்றை வாய்வழியே அருந்திக்கொண்டு அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, 1919இல் தம் எழுபத்துநான்காம் வயதில் காலமானார். அவ்வளவு காலமும் அவரை நடமாட வைப்பதற்கு 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று மரே பிற்பாடு கணக்கெழுதி வைத்தார். ஒரு பெரிய கிடையை நிரப்பக்கூடிய ஆடுகள்! மனிதரின் தைராய்டுக் குறைக்கு முதல் மருந்தைத் தந்த அந்த ஜீவன், தன் குட்டியின் கழுத்தில் அதே சுரப்பி பழுதுபட்டபோது மட்டும் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

அச்சுரப்பிக்குள் இருக்கும் சரக்கு என்ன என்பது சிறிது சிறிதாகவே தெரியவந்தது. 1895இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பௌமன் என்னும் ரசாயன அறிஞர், தைராய்டை அமிலத்திலிட்டுக் காய்ச்சியபோது அதில் அயோடின் இருக்கக் கண்டார். பிராணியின் சரீரத்தில் அயோடினுக்கு என்ன வேலை என்று அவருக்கே முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அவர் பயன்படுத்தியவை பன்றிகளின் சுரப்பிகள். ஏறத்தாழ மூன்று டன் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். அதன் கட்டமைப்பை 1926இல் ஹாரிங்டன் விளக்கினார். 1952இல் லண்டனில் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்னும் இருவரும் இரண்டாவது ஹார்மோன் ஒன்றைக் கண்டறிந்தனர். தைராக்ஸினில் அயோடின் அணுக்கள் நான்கு. இந்த இரண்டாவதில் மூன்றே மூன்று. ஆய்வுக்கூடங்களில் முன்னதை டி-4 என்றும் பின்னதை டி-3 என்றும் சுருக்கமாக வழங்குகிறார்கள். நானும் அவ்வாறே சொல்லிப்போகிறேன். இன்றைய பேச்சு முழுவதும் இந்த நான்குக்கும் மூன்றுக்கும் இடையேயுள்ள ஓர் அணுவைச் சுற்றியே வரும் என்பதால், இதை மட்டும் மாணவர்கள் மனத்தில் முடிந்துகொள்ள வேண்டும்: சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது டி-4; உடலின் உயிரணுக்களில் உண்மையாகக் காரியம் செய்வது டி-3; நான்கில் ஒன்றைக் கழற்றினாலொழிய ஹார்மோன் வேலைக்கு உதவாது.

அயோடின் கடலின் சொத்து. 1811இல் பிரான்சில் கூர்த்வா என்னும் வெடியுப்பு வியாபாரி, கடற்பாசியைச் சுட்ட சாம்பலில் அமிலத்தைச் சற்று மிகுதியாக ஊற்றிவிட, ஊதா நிறப் புகை எழுந்து, குளிர்ந்த பாத்திரங்களின்மேல் கரும்படிகமாகப் படிந்தது என்பதுதான் அதன் பிறப்புக் கதை. கடலிலிருந்து ஆவியாக எழுந்து மழையோடு மண்ணில் இறங்கும் இப்பொருள், கடலுக்குத் தொலைவான மலைநாடுகளிலும், பனியாறுகள் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போன பிரதேசங்களிலும் சொற்பமாகவே தங்குகிறது. ஆல்ப்ஸ், இமயம், நியூசிலாந்தின் தென்தீவு ஆகிய இடங்களிலெல்லாம் மனிதர் கழுத்திலும் ஆட்டுக்குட்டியின் கழுத்திலும் கழலை கண்டது ஒரே காரணத்தால்தான். நம் நாட்டில் இமயத்தின் அடிவாரமான காங்ராப் பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய அயோடின் உப்புப் பரிசோதனையை இம்மன்றத்தில் பலர் அறிவார்கள். அது மனிதரைப் பற்றியது. நான் ஆட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.

சினைப்பட்ட செம்மறிக்கு ஈற்றுவரை ஏறத்தாழ நூற்றைம்பது நாள். இந்த நூற்றைம்பது நாளில் தாயின் தைராய்டு ஹார்மோன் கருவுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டால், ஆட்டின் நஞ்சுக்கொடி அதை மிகச் சிறிதளவே கடக்கவிடுகிறது என்பதுதான் விடை. ஆனால் அயோடினை அது தாராளமாகக் கடத்துகிறது. ஆகவே வயிற்றுக்குள் இருக்கும் குட்டி, தாயிடமிருந்து சமைத்த சோற்றைப் பெறுவதில்லை. அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, கர்ப்பத்தின் பாதிக்கு முன்பே தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்கிறது. தாய் மேய்ந்த புல்லில் அந்த அரிசி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பேசில் ஹெட்செலும் அவருடன் உழைத்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் சோதித்துக் காட்டினார்கள். அயோடின் மிகக் குறைந்த தீனியை மாதக்கணக்காக உண்டு சினையான ஆடுகளின் கருக்குட்டிகளில், கழுத்து வீங்கியிருந்தது, மண்டையோடு கும்மட்டம்போல் உயர்ந்திருந்தது, குளம்படி மூட்டுகள் நழுவியிருந்தன, எலும்பு முதிரவில்லை, ரோமம் முளைக்கவில்லை, மூளை எடையில் குறைந்திருந்தது. ரோமமில்லாத செம்மறிக்குட்டியைக் கண்ணால் கண்டவர்களுக்கு அக்காட்சி எளிதில் மறவாது. நனைந்த தோல் சிவந்து, உரித்த கோழிபோலக் கிடக்கும். ஹெட்செல் ஆட்டிடம் வருவதற்கு முன்பு பப்புவா நியூகினியின் மலைக்கிராமங்களில், கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டால் குழந்தைகள் அறிவு மந்தமாகப் பிறப்பதைத் தடுக்கலாம் என்று கண்டவர்களுள் ஒருவர். அங்கே கண்டதன் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ளவே ஆட்டின் கருப்பையை நாடினார். ஆக, இரண்டாம் முறையாகவும் கடன் மனிதர் பக்கத்தில்தான் ஏறியிருக்கிறது.

இனிக் குட்டி பிறக்கின்ற வேளைக்கு வருவோம். நான் சற்று நேரம் தங்கிச் செல்ல விரும்பும் இடம் இதுதான். கருப்பைக்குள் முப்பத்தொன்பது டிகிரி வெப்பத்தில், நீரில் மிதந்துகொண்டு, உழைப்பில்லாமல் இருந்த குட்டி, ஸ்காட்லாந்தின் மலைச்சரிவிலோ நியூசிலாந்தின் தென்கோடியிலோ, மழை தூறுகின்ற பின்னிரவில், உறைநிலையை ஒட்டிய காற்றில், உடல் முழுதும் ஈரத்தோடு புல்தரையில் வந்து விழுகிறது. தாய் நக்கித் துடைத்து முடிப்பதற்குள், எழுந்து நின்று மடியைத் தேடிச் சீம்பால் குடிப்பதற்குள், அதன் சரீரத்தின் உஷ்ணம் இறங்கத் தொடங்கிவிடும். இந்த இடைவேளையில் அதற்கு உயிர்க்காவலாக இருப்பது சிறுநீரகங்களைச் சுற்றிப் பொதிந்திருக்கும் பழுப்புக் கொழுப்பு. நம் உடலில் மடிந்து தொங்கும் வெண்கொழுப்பைப்போல் சேமிப்புக்காக அமைந்தது அன்று, எரிப்பதற்கென்றே அமைந்தது. நடுக்கமில்லாமலே அது எரிந்து சூட்டைத் தர, தசைகளும் நடுங்கித் துணைசெய்ய, நலமான குட்டி, ஓய்வில் உண்டாக்கும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு வரை உண்டாக்கவல்லது. ஒரு மாதத்துக்குள் அந்தப் பழுப்பு, வெண்கொழுப்பாக மாறிவிடும். அதன் பணி முடிந்தது.

இந்த அடுப்பை ஊதிவிடும் காற்று டி-3. வயிற்றுக்குள் இருந்தவரை குட்டியின் இரத்தத்தில் டி-3 வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டி-4இன் நான்கு அணுக்களில் தவறான ஓரணுவைக் கழற்றி, வேலை செய்யாத ஒரு போலி மூன்றாக அதை ஒதுக்கிவிடும் நொதி அங்கே ஓயாமல் உழைக்கிறது. வெளிச்சம் காணாத கருவுக்கு அடுப்பெரிக்க வேண்டிய அவசியம் இல்லையல்லவா? ஈற்று நெருங்க நெருங்க, குட்டியின் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் பெருகி, இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றுகிறது. சரியான அணுவைக் கழற்றும் நொதிகள் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பழுப்புக் கொழுப்பிலும் தலையெடுக்கின்றன. பிறந்த சில மணி நேரத்துக்குள் டி-3 சரசரவென்று உயர்கிறது. நான் படித்த உடலியங்கியலில் இதற்கு நிகரான நேரக்கணக்கு வேறில்லை என்றே சொல்வேன்.

அந்தச் சரியான அணுவைக் கழற்றுகின்ற கை எது? சென்ற நூற்றாண்டின் இறுதிவரை அதற்கு விடை தெரியவில்லை. தெரிந்தபோது, தைராய்டைப் பற்றி எண்ணும்போது எவருடைய நினைவிலும் வராத ஒரு தாது அங்கே அமர்ந்திருந்தது. அதுதான் செலினியம். 1817இல் சுவீடனில் பெர்சீலியஸ் கண்டுபிடித்து, கிரேக்கர்களின் நிலவுத் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அது நஞ்சு என்ற பெயரையே சுமந்தது. அமெரிக்கச் சமவெளிகளில் செலினியம் மிகுந்த செடிகளைத் தின்ற மாடுகளும் குதிரைகளும் குளம்பு கழன்று நொண்டின. 1957இல் கிளவுஸ் ஷ்வார்ஸ், அதே நஞ்சின் அணுவளவு இல்லாவிட்டால் எலியின் கல்லீரல் அழுகிப்போகும் என்று காட்டினார். அடுத்த ஆண்டிலேயே ஒரிகன் மாநிலத்தில் மியூத், ஓல்டுபீல்டு முதலியோர், குட்டிகளின் தசை வெளுத்து, நிற்கமுடியாமல் விழுந்து, சில வேளை இதயமே நின்று மடிகின்ற வெண்தசை நோயை, தாயாட்டின் தீனியில் இம்மியளவு செலினியம் சேர்த்துத் தடுத்துக் காட்டினார்கள். அதன்பின் முப்பது ஆண்டுக்கு மேல், செலினியம் என்றால் தசைக்கு, அயோடின் என்றால் கழுத்துக்கு என்று இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்தே கால்நடை மருத்துவர் பழகினர். 1990இல் பெர்லினில் பேனேயும், ஸ்காட்லாந்தின் அபர்டீனிலுள்ள ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் ஆர்தர் முதலியோரும், மறு ஆண்டில் பாஸ்டனில் பெர்ரி, லார்சன் ஆகியோரும், டி-4இலிருந்து ஓரணுவைக் கழற்றி டி-3 ஆக்கும் கல்லீரல் நொதியின் இதயத்தில் செலினியம் இருப்பதை நிறுவினார்கள். அலமாரிகளுக்கு இடையேயிருந்த பலகை அன்றோடு கழன்றது.

அயோடினைக் கொண்டு சுரப்பி பணத்தை அச்சடிக்கிறது. செலினியம் அதைச் சில்லறையாக மாற்றித் தருகிறது. சில்லறை மாற்றுபவன் கடையை மூடிவிட்டால், கைநிறையப் பெரிய நோட்டு இருந்தும் சந்தையில் ஒரு பிடி கீரை வாங்க முடியாத கதைதான். செலினியம் குறைந்த குட்டியின் இரத்தத்தைச் சோதித்தால் டி-4 இயல்பாக, சில வேளை இயல்புக்கு மேலாகவே இருக்கும்; டி-3 தாழ்ந்திருக்கும். டி-4ஐ மட்டும் அளந்துவிட்டு, தைராய்டில் குறையொன்றும் இல்லை என்று சீட்டெழுதி அனுப்பினால், பட்டியில் குளிரில் விறைத்துக் கிடக்கும் குட்டிக்கு அந்தச் சீட்டு போர்வையாகாது. பழுப்புக் கொழுப்பில் தங்கிப் பணிபுரியும் மற்றொரு வகை நொதியும் செலினியம் கொண்டதே என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள்.

இரண்டையும் பற்றி இவ்வளவு தெரிந்துவிட்டதே, இரண்டையும் ஒருசேரக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மண்ணும் செடியும் அவ்வளவு எளிதாக வழிவிடுவதில்லை. நியூசிலாந்தின் தென்பகுதியில் குளிர்காலத்தில் புல் வளராது. அதனால் சினையாடுகளுக்கு கேல் கீரையும் சுவீடு என்னும் ஒருவகைக் கிழங்கும் பயிரிட்டு மேய விடுவார்கள். இவை நமக்கு அந்நியமான குடும்பமல்ல. நம் அஞ்சறைப் பெட்டியின் கடுகுக்கும் சந்தையின் முட்டைக்கோசுக்கும் நூல்கோலுக்கும் உடன்பிறப்புகள். தாளிக்கையில் கடுகு மூக்கில் ஏறும் காரத்துக்குக் காரணமான கந்தகப் பொருள்களின் இனத்தைச் சேர்ந்தவையே கேல் கீரையிலும் இருக்கின்றன. ஆட்டின் வயிற்றில் அவை உடைந்து தயோசயனேட்டு என்னும் பொருளை உண்டாக்க, அது அயோடின் சுரப்பிக்குள் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது. தாய் கொழுகொழுவென்று இருப்பாள். மேய்ச்சலில் குறை சொல்ல முடியாது. ஈற்றின்போதுதான், கழுத்தில் எலுமிச்சை அளவும் கோழிமுட்டை அளவும் வீக்கத்தோடு, உயிரற்றோ உயிர் ஊசலாடியோ குட்டிகள் விழும். 1950களில் சின்க்ளேர், ஆண்ட்ரூஸ் என்னும் இரு நியூசிலாந்து ஆய்வாளர்கள், கேல் மேய்ந்த சினையாடுகளுக்கு அயோடின் புகட்டி இதைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள். இன்று அங்கே ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பும் ஒரு மாதம் முன்பும் பொட்டாசியம் அயோடைடு புகட்டுகிறார்கள். அல்லது கிடா சேர்க்கும் முன்னரே, அயோடின் ஏற்றிய கடலை எண்ணெயைத் தசையில் ஒருமுறை ஊசியாகப் போட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுச் சட்டியில் காயும் அதே கடலை எண்ணெய்தான்.

முட்டைக்கோசின் இந்தக் குறும்பு வெளிப்பட்டதே ஒரு தற்செயல். 1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் செஸ்னி என்பவர் வேறொரு நோயை ஆராய்வதற்காக வளர்த்த முயல்களுக்குத் தினமும் முட்டைக்கோசே தீனியாகப் போக, முயல்களுக்கெல்லாம் கழுத்து வீங்கிவிட்டது. ஆராய வந்த நோய் மறந்து, தீனி ஆராய்ச்சியாயிற்று. கடுகினத்தின் சில செடிகளில் இன்னொரு பொருளும் உண்டு. அது வாயிலை அடைப்பதில்லை, உள்ளே ஹார்மோன் கட்டும் வேலையையே நிறுத்திவிடுகிறது. அதற்கு அயோடினை எவ்வளவு வார்த்தாலும் முழுப் பயன் கிடைப்பதில்லை. ஆகவே, குட்டிக்குக் கழலை என்றதும் அயோடின் குப்பியைத் தூக்குகிற அவசரத்துக்கு முன், தாய் என்ன மேய்ந்தாள் என்று கேட்பதே மருத்துவனின் முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

கொடுக்கும் வரிசையும் முக்கியம் என்பதைக் கற்றுத் தந்தவர்கள் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், அன்று சயர் என்றும் இன்று காங்கோ என்றும் வழங்கும் நாட்டில் உழைத்த மருத்துவர்கள். அங்கே ஒரு பிரதேசத்தில் அயோடினும் இல்லை, செலினியமும் இல்லை. 1990களின் தொடக்கத்தில், தைராய்டு குறைந்த சிறுவர்களுக்கு முதலில் செலினியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, நன்மைக்குப் பதிலாக அவர்களின் தைராக்ஸின் அளவு மேலும் சரிந்தது. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை: சில்லறை மாற்றுபவனுக்குக் கடை திறந்து கொடுத்தோம், அவன் இருந்த சொற்ப நோட்டையும் வேகவேகமாக மாற்றித் தீர்த்துவிட்டான், அச்சடிக்கும் இடத்திலோ காகிதம் இல்லை. அயோடினை முதலில் சரிசெய்யாமல் செலினியத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே கிடைத்த பாடம். இரண்டும் குன்றிய மண்ணில் மேயும் ஆட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

கோபால்ட்டும் இரும்பும் துத்தநாகமும் இவ்விஷயத்தில் தத்தமக்குரிய பங்கு உடையவையே. சுரப்பிக்குள் அயோடினைப் புரதத்தில் பிணைக்கும் நொதி இரும்பைத் தாங்கியது. டி-3 போய் அமரும் ஏற்பி துத்தநாகத்தைத் தாங்கியது. கோபால்ட் இல்லாமல் 1930களில் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் ஆடுகள் பசும்புல்லின் நடுவே மெலிந்து செத்த வரலாறு தனிச் சொற்பொழிவுக்கு உரியது. இவற்றை இந்த அளவில் விட்டு, செம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இன்றைய பேச்சு நன்மையைவிடத் தீமையையே விளைக்கக்கூடும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் நார்த் ரொனால்ட்சே என்று ஒரு சிறு தீவு. 1832இல் அதைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, விளைநிலத்தை உள்ளே வைத்து, ஆடுகளைக் கடலோரத்துக்குத் துரத்திவிட்டார்கள். அன்று முதல் அவ்வாடுகள் கடற்பாசியைத் தின்று வாழ்கின்றன. கடல் வற்றும்போது மேய்ந்து, பெருகும்போது படுத்து அசைபோடுகின்றன. அவற்றின் இரவும் பகலும் நிலவைச் சார்ந்தவை. அயோடினுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் கடற்பாசியில் செம்பு அரிது. ஆகையால் கிடைக்கிற செம்பையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்ளும் உடலமைப்பு அவ்வினத்துக்கு வாய்த்துவிட்டது. அதே ஆட்டைப் பிறிதோர் ஊரில் சாதாரணப் புல்வெளியில் நெடுநாள் மேயவிட்டால், மற்ற ஆடுகளுக்குத் தீங்கு செய்யாத அப்புல்லின் செம்பே அதற்கு நஞ்சாகிவிடும். அந்தத் தீவின் ஆடு முனைப்பான உதாரணமே தவிர விலக்கன்று. செம்மறி என்ற சாதியே மாட்டைப்போல் செம்பைத் தாங்காது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், குட்டிகள் தேறாமல் இருக்கின்றன என்று வந்த ஒரு குடியானவருக்கு, தாதுப் பற்றாக்குறையாகத்தான் இருக்கும் என்று கையோடு தீர்மானித்து, மாட்டுக்கென்று விற்கும் தாது உப்புக் கலவையை எழுதிக்கொடுத்தேன். மாதங்கள் சென்றன. ஒரு நாள் காலையில் அவர் மீண்டும் வந்தார். நான் பட்டிக்குப் போனபோது மூன்று ஆடுகள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகித் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒன்று என் கண்முன்னே கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தது. செத்துக் கிடந்த ஒன்றை அறுத்தேன். சிறுநீரகம் துப்பாக்கி இரும்பைப்போல் கருநீலமாக மின்னிற்று. ஈரல் மாதக்கணக்காகச் சேர்த்துவைத்த செம்பை ஒரே நாளில் இரத்தத்தில் கொட்டிவிட்டிருந்தது. அவர் என்னை ஒன்றும் வையவில்லை. “ஏனுங்க டாக்டரய்யா, மாட்டுக்கு ஆவறது ஆட்டுக்கு ஆவாதுங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆகாது என்பது நான் படித்த புத்தகத்தில் இருந்தது. அவருடைய குட்டிகள் தேறாததற்குக் காரணம் குடற்புழு என்பது பிறகு தெரிந்தது.

அன்று முதல் நான் மருந்தெழுதுவதில் மெதுவானவன் ஆனேன். ஆட்டின் உலர்தீனி ஒரு கிலோவுக்குச் செலினியம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிகிராம் இருந்தால் போதும். சில மில்லிகிராம் ஆனாலே நஞ்சு தொடங்கிவிடும். இவ்வளவு குறுகிய வரப்பின்மேல் நடப்பவன், கண்ணை மூடிக்கொண்டு ஓடலாகாது. நுண்தாதுக்களின் பெயரால் இன்று சந்தையில் குவிந்திருக்கும் பொட்டலங்களையும் பாட்டில்களையும் பார்க்கும்போது, குறையால் சாகிற குட்டிகளோடு மிகையால் சாகிற ஆடுகளையும் எண்ணத் தொடங்க வேண்டிய காலம் வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டாகிறது.

குறை எது, மிகை எது என்று அறிவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடமோ இறக்குமதிக் கருவியோ வேண்டியதில்லை. கூரிய கத்தி ஒன்றும், நகைக்கடையில் பயன்படுவதுபோன்ற சிறு தராசு ஒன்றும் போதும். பிறந்தவுடன் இறந்த குட்டியை முதலில் முழுதாக நிறுத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கக் கிடத்தி, தாடையின் கீழிருந்து மார்பெலும்பு வரை தோலை நேர்க்கோட்டில் கீறி, தசைகளை விலக்கினால், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் இருபுறமும், கருஞ்சிவப்பு நிறத்தில், அவரை விதையைச் சற்று நீட்டியதுபோல் இரண்டு மடல்கள் தெரியும். சுற்றியுள்ள கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து நிறுங்கள். நியூசிலாந்தில் கடைப்பிடிக்கும் அளவுகோலின்படி, குட்டியின் உடல் எடை கிலோ ஒன்றுக்குச் சுரப்பி 0.4 கிராமுக்கு உட்பட்டிருந்தால் அயோடின் குறை இல்லை, 0.8 கிராமைத் தாண்டினால் குறை இருக்கிறது என்றே கொள்ளலாம், இடைப்பட்டது ஐயத்துக்குரியது. நான்கு கிலோக் குட்டிக்கு 1.6 கிராம் ஓர் எல்லை, 3.2 கிராம் மற்றோர் எல்லை; கணக்கு அவ்வளவுதான். அந்த அளவுகோல் அவர்களுடைய இனங்களை வைத்து அமைந்தது. மேச்சேரிக் குட்டிக்கும் கீழக்கரிசல் குட்டிக்கும் நீலகிரிக் குட்டிக்கும் இயல்பான எடை என்ன என்று நாமே நிறுத்து, நம் கையாலேயே அட்டவணை எழுதவேண்டும்.

ஆகையால் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஈற்றுப் பருவத்தில் நீங்கள் பயிற்சிக்குச் செல்லும் பட்டியில் குட்டி ஒன்று செத்துக் கிடந்தால், ஆட்டுக்காரர் அதை வேலியோரத்தில் புதைக்க எடுத்துப் போகும்போது, “கொஞ்சம் நில்லுங்கண்ணா, ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று கேட்டு வாங்குங்கள். கழுத்தைத் திறந்து, நிறுத்து, தேதியும் இனமும் உடல் எடையும் சுரப்பியின் எடையும் தாய் மேய்ந்த மேய்ச்சலும் ஒரு நோட்டில் எழுதி, குட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.